கிரீஸ் வைக்கக் கூடாத இடம்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, சாப்பாட்டு மேசை மேல் செய்தித்தாளை விரித்து, அதன் மேல் ஐஸ் தட்டு ஒன்றை வைத்து, பக்கத்தில் ஒரு பழைய மீன்பிடி ரீலை வைத்தார் கிரீஸ் அண்ணன். தட்டில் பன்னிரண்டு குழிகள். கழற்றும் ஒவ்வொரு பாகமும் கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொரு குழியில் போய் உட்கார வேண்டும் என்பது திட்டம். ஏழாவது குழியை எட்டுவதற்குள் ஒரு சுருள்வில் துள்ளி, சுவரில் மோதி, ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. அதைத் தேடி எடுக்கவே அரை மணி நேரம் ஆனது. ஃப்ரிட்ஜுக்கு அடியில் இருந்து வில்லோடு சேர்ந்து ஒரு தோடும் இரண்டு மாத்திரையும் வந்தன. தோடு கிடைத்ததில் மனைவிக்குச் சந்தோஷம். மாத்திரை கிடைத்ததில் இல்லை. விழுங்கிவிட்டதாக அவரே சொல்லியிருந்த மாத்திரைகள் அவை.

வேலையை முடிக்கச் சனிக்கிழமை மாலை வரை நேரம் இருந்தது. ஏன் சனிக்கிழமை என்பதைச் சொல்வதற்கு முன் இந்த இருவரையும் சொல்லிவிட வேண்டும்.

கிரீஸ் அண்ணன் என்பது பஸ் டிப்போ வைத்த பெயர். முப்பத்தொரு வருஷம் பள்ளத்துக்குள் நின்று, தலைக்கு மேல் நிற்கும் பஸ்ஸின் அடிவயிற்றில் கிரீஸ் வைத்தவர். ஒரு வண்டிக்கு இருபத்தெட்டு இடங்கள். கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகத் தொட்டுக் காட்டுவார். உலகத்தில் எது கிறீச்சிட்டாலும், இறுகினாலும், தேய்ந்தாலும் அதற்கு அவரிடம் ஒரே வைத்தியம்தான். ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. அதற்குள் அந்தக் கட்டடத்தின் மூன்று மாடிகளிலும் ஒரு கதவுகூடச் சத்தம் போடுவதில்லை. கீழ்வீட்டுக்காரர் ஒருநாள், யார் வருகிறார்கள் போகிறார்கள் என்றே தெரியவில்லை, என் வீட்டுக் கதவை மட்டுமாவது விட்டுவிடுங்கள் என்று வந்து கேட்டுக்கொண்டார்.

மனைவி தபால் பிரிக்கும் வேலையில் இருப்பவர். எல்லோருக்கும் தபாலக்கா. அறுபத்து நான்கு அறைகள் கொண்ட மரச்சட்டத்தின் முன் நின்று, முகவரியைப் பார்த்த கணமே மணிக்கட்டைச் சுண்டிக் கடிதத்தை அதன் அறைக்குள் எறிவார். அந்த மணிக்கட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு வேலைக்குப் போகும். துறைமுகத்தை ஒட்டிய அலைத்தடுப்புச் சுவரில், பதினைந்து இருபது ஆண்களுக்கு நடுவே, தூண்டில் கோலைச் சுழற்றி எல்லோரையும்விட ஐந்தாறு மீட்டர் தள்ளி எறிவார். இருபத்திரண்டு வருஷமாக அதே கோல், அதே ரீல். கிரீஸ் அண்ணன் மீன் பிடிப்பதில்லை. குடையும் ஃபிளாஸ்க்கும் தூக்கிக்கொண்டு கூடவே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தூங்குவார்.

பதினொரு மாதத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை, தபாலக்கா எறிந்த மூன்று கடிதங்கள் அடுத்தடுத்துத் தப்பான அறைக்குள் விழுந்தன. பக்கத்தில் நின்ற பெண் அதைப் பார்த்தார். ஒன்று என்றால் கிண்டல் செய்திருப்பார். மூன்று என்றதும் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார். நாற்பது நிமிடத்தில் ஆஸ்பத்திரி. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். சரியான நேரத்துக்கு வந்தீர்கள் என்றும் சொன்னார்கள். அந்த மூன்று கடிதங்களும் யாருக்கு எழுதப்பட்டவை என்று கிரீஸ் அண்ணனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மூன்று வீட்டுக்கும் போய்க் கும்பிட்டுவிட்டு வந்திருப்பேன் என்று இப்போதும் சொல்கிறார். பக்கத்தில் நின்ற அந்தப் பெண்ணின் வீட்டில் எல்லாக் கதவுகளுக்கும் கிரீஸ் வைத்துக் கொடுத்தார். அவரால் முடிந்தது அது.

பேச்சு வந்துவிட்டது. நடை வந்துவிட்டது. வலது கை மட்டும் பாதியில் நின்றது. தோள் தூக்கும், முழங்கை மடங்கும், விரல்கள் மெதுவாக மூடும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு பொருளைக் கிள்ளி எடுக்காது. பயிற்சி கொடுக்க வரும் பெண் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் ஒரு கிண்ணத்தில் காய்ந்த பட்டாணியைக் கொட்டி, ஒவ்வொன்றாக அடுத்த கிண்ணத்துக்கு மாற்றச் சொல்வார். தபாலக்கா பதினொன்று மாற்றுவார். பன்னிரண்டாவதில் கிண்ணத்தைத் தள்ளிவிடுவார். ஒரு நாளைக்கு நாலாயிரம் கடிதம் போட்ட கைக்குப் பட்டாணி பொறுக்கும் உத்தியோகமா என்பது அவர் கேள்வி. 

ரீல் மேசைக்கு வந்த திங்கட்கிழமைக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமைதான் தபாலக்கா முடிவைச் சொன்னார். அலைத்தடுப்புச் சுவரில் அவருக்குப் பக்கத்து இடத்துக்காரர் ஒருவர் உண்டு. யார் தூண்டிலில் மீன் கடித்தாலும் இவர்தான் விசில் அடிப்பார். அதனால் விசில்காரர். அவருக்கு ஃபோன் போட்டு, கோல், ரீல், பெட்டி எல்லாவற்றையும் சனிக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் கணவருக்குச் சொன்னார்.

"அலமாரியில கிடந்து துருப்பிடிக்கறதுக்கு, யாராவது மீன் பிடிக்கட்டும்."

கிரீஸ் அண்ணன் வாதாடவில்லை. முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் வாதாடி ஜெயித்தது இரண்டு முறை. இரண்டு முறையும் பிறகு வருத்தப்பட்டிருக்கிறார்.

"குடுக்கறதுதான் குடுக்கறே, அழுக்கோட குடுக்கணுமா? சனிக்கிழமை வரைக்கும் என்கிட்ட விடு. சுத்தம் பண்ணித் தர்றேன்."

"ரீலைச் சுத்தம் பண்ணுங்க. வீட்டைக் கிரீஸ் பண்ணிடாதீங்க."

அவர் மனதில் இருந்தது சுத்தம் செய்வது மட்டும் அல்ல. கோல் இடது கையில் இருக்கட்டும். அது பலமான கை, மீனின் இழுப்பை அது தாங்கும். தூண்டில் நரம்பைச் சுருட்டும் ரீலின் கைப்பிடியைச் சுற்றுவதுதான் வலது கையின் வேலை. கிள்ளிப் பிடிக்க முடியாத கை, உள்ளங்கையால் சுற்றலாம் இல்லையா? கைப்பிடி பெரிதாக இருந்தால்? சுற்றுவது பூப்போல லேசாக இருந்தால்? ஒரே ஒருமுறை அவள் சுற்றிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் கொடுத்துவிடட்டும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ரீலைத் திறந்தவுடன் வண்டி எந்த நிலைமையில் இருக்கிறது என்று தெரிந்தது. எதைப் பிரித்தாலும் அவருக்கு அது வண்டிதான். பதினொரு மாதம் அலமாரியில் கிடந்ததில் உப்பு காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. உள்ளே இருந்த பழைய மசகு மெழுகு போல இறுகிக் கிடந்தது. நரம்பு ஏறி இறங்கும் சின்ன உருளை சுற்றவே இல்லை. பெரிய பல்சக்கரத்தின் அச்சு, ஒரு பக்கம் குண்டு பேரிங்கிலும் மறுபக்கம் வெறும் பிளாஸ்டிக் வளையத்திலும் உட்கார்ந்திருந்தது. அந்த வளையம் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்துவிட்டிருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அவள் இதை வைத்துக்கொண்டா சுற்றினாள் என்று அவருக்கு ஆச்சரியம். ஒவ்வொரு ஞாயிறும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் ஒருநாள்கூடத் திறந்து பார்க்கவில்லையே என்று கொஞ்சம் வெட்கம்.

உப்பை வெந்நீரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்தார். மசகை மண்ணெண்ணெயில் கரைத்தார். ஒவ்வொரு கட்டத்தையும் ஃபோனில் படம் எடுத்தார். எடுத்த படங்களில் பாதியில் அவர் கட்டைவிரல்தான் இருந்தது.

பிளாஸ்டிக் வளையத்தின் இடத்தில் குண்டு பேரிங் ஒன்றைப் போட்டால் சுற்றுவது பாதி லேசாகும். அளவெடுத்தார். உள்விட்டம் ஏழு மில்லிமீட்டர், வெளிவிட்டம் பதினொன்று, கனம் மூன்று. செவ்வாய்க்கிழமை நாலு கடை ஏறி இறங்கினார். லாரி பேரிங் விற்கும் கடைக்காரர் அளவுச் சீட்டைப் பார்த்துவிட்டு, எறும்புக்கு வண்டி செய்கிறீர்களா என்று கேட்டார். சைக்கிள் கடையில் இல்லை. தையல் மிஷின் கடையில் இல்லை. கடைசியில் தையல் மிஷின்காரர்தான், ரிமோட்டில் ஓடும் பொம்மைக் கார்களை ரிப்பேர் செய்யும் ஓர் ஆள் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிறார், அங்கே போங்கள் என்று கைகாட்டினார்.

பொம்மைக் கார்காரர் இளைஞர். கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டியிருந்தார். அளவைக் கேட்டதும் இழுப்பறையைத் திறந்து, கவிழ்ந்து நொறுங்கிப்போன கார் ஒன்றின் சக்கரத்தில் இருந்து இரண்டு பேரிங்குகளைக் கழற்றிக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டார். கிரீஸ் அண்ணன் சொன்னார். கேட்டுவிட்டு மூன்றாவது ஒன்றையும் கழற்றி, இது இருக்கட்டும், சின்னச் சாமான் தொலையும் என்றார். எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

கைப்பிடிக்கு வழி டிப்போவில் கிடைத்தது. ஓட்டத்தில் இருந்து நீக்கிய பஸ்களின் கியர்க் கம்பி உச்சியில் இருக்கும் கறுப்பு உருண்டைகள் ஸ்டோரில் ஒரு டப்பா நிறையக் கிடந்தன. ஸ்டோர்க்காரர் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். டிரைவர்களின் உள்ளங்கை பட்டுப் பட்டு வழவழவென்று ஆகியிருந்த உருண்டை. அதன் உள்ளே துளை போட்டுக் குடைந்து பாரத்தைக் குறைத்து, ஒரு பித்தளைக் குழாயைச் செருகி, ரீலின் கைப்பிடித் தண்டில் தானாகச் சுழலும்படி மாட்டினார். ரீலைப் பார்த்தால் சின்னப் பையன் அப்பாவின் தொப்பியைப் போட்டுக்கொண்டது போல இருந்தது. ஆனால் உள்ளங்கையை விரித்து மேலே வைத்தால் போதும், சுற்றலாம்.

வியாழக்கிழமை எல்லாவற்றையும் திருப்பிப் பூட்டினார். பூட்டும்போது என்ன செய்திருப்பார் என்று சொல்லத் தேவையில்லை. வெள்ளை நிறத்தில், விலை உயர்ந்த, உப்புத் தண்ணீர் தாங்கும் கிரீஸ். பல்சக்கரத்துக்கு வைத்தார், அச்சுக்கு வைத்தார், புதுப் பேரிங்குக்கு வைத்தார். முன்பக்கம் பித்தளை நிறத்தில் ஒரு வளையம் இருந்தது. அதற்குள் அரிசி மணி அளவில் ஆறு உருளைகள். அது எதற்கு என்று அவர் யோசிக்கவில்லை. உருளை என்றால் கிரீஸ். அந்த வளையத்தை விரலால் அழுத்தி அழுத்தி நிரப்பினார். மேசையில் வைத்துச் சுற்றிப் பார்த்தார். சத்தமே இல்லை. இத்தனை வருஷ உத்தியோகத்தில் இவ்வளவு சின்ன வண்டிக்கு இவ்வளவு அழகாகக் கிரீஸ் வைத்ததே இல்லை என்று அன்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னார்.

"வைங்க. வாங்கிட்டுப் போறவர் நல்லா இருக்கட்டும்" என்றார் தபாலக்கா.

அப்போதுதான் அவர் விஷயத்தைச் சொன்னார். குடுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒருதடவை சுத்திப் பாரேன் என்றார். தபாலக்கா அந்தக் கறுப்பு உருண்டையைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கணுமா என்று கேட்டார். ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. மூன்றாவது மாடியின் பின்பக்க பால்கனி. கிரீஸ் அண்ணன் கீழே போய், நரம்பின் நுனியில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டிவிட்டு, மூன்று மாடி ஓடி ஏறி வந்து மூச்சிரைக்க நின்றார். தபாலக்கா கோலை இடது கையில் பிடித்து, அடிக்கட்டையை இடுப்பில் முட்டுக் கொடுத்து, வலது உள்ளங்கையை உருண்டையின் மேல் வைத்தார். சுற்றினார். பாட்டில் தரையை விட்டுக் கிளம்பியது. ஒரு சுற்று, கொஞ்சம் நிறுத்தி இன்னொரு சுற்று. முதல் மாடி ஜன்னலைத் தாண்டியது. கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். தபாலக்காவின் கீழுதடு பல்லுக்குள் போயிருந்தது. பதினொரு மாதத்தில் அந்த முகத்தை அவர் பார்த்ததில்லை. அது சுவரில் உட்கார்ந்திருக்கும்போது வரும் முகம்.

இரண்டாவது மாடி அருகில் இளைப்பாறுவதற்காகக் கையைத் தளர்த்தினார். கைப்பிடி பின்பக்கமாகச் சுழன்றது. ஒருமுறை அல்ல, விர்ரென்று. உருண்டை விரல் முட்டிகளில் அடித்தது. பாட்டில் கீழே போய்த் துணி ஊறவைத்த வாளிக்குள் தொபுக்கென்று விழுந்தது.

தபாலக்கா கோலைச் சுவரில் சாய்த்து வைத்தார். கத்தவில்லை, அழவில்லை. ரீலுக்கு அடியில் ஒரு சின்னக் குமிழ் உண்டு. அதைத் தட்டினால் கைப்பிடி பின்னாலும் சுற்றும், தட்டாவிட்டால் முன்னால் மட்டும்தான் சுற்றும். தன் விரல் அதில் பட்டுத் தட்டிவிட்டிருக்கிறது, விரலுக்கு எது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, அவ்வளவுதான் என்றார்.

"பார்த்தாச்சு இல்ல? விசில்காரர் நாளைக்கு வருவார். எடுத்து வெச்சிருங்க."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கதவு சத்தம் போடவில்லை. அவர் கிரீஸ் வைத்த கதவு.

கிரீஸ் அண்ணன் குமிழைப் பார்த்தார். அது இருந்த இடத்திலேயே இருந்தது. யாரும் தட்டவில்லை. பாட்டிலை வாளியில் இருந்து எடுத்து மறுபடி தொங்கவிட்டு, தன் கையாலேயே சுற்றினார். பஸ் சக்கரம் தூக்கிய கை. பாதியில் கையைத் தளர்த்தினார். விர்ரென்று பின்னால் ஓடியது. மறுபடி செய்தார். மறுபடி ஓடியது. அவருக்கு உடம்பெல்லாம் லேசானது. வாழ்க்கையில் ஒரு ரிப்பேர் சொதப்பியதற்காக அவர் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான். கை இல்லை. ரீல்தான்.

கதவைத் தட்டிச் சொன்னார். உள்ளே இருந்து பதில் வந்தது.

"என்னைச் சமாதானப்படுத்த நீங்களே குமிழைத் தள்ளி வெச்சிருப்பீங்க."

அது அவர் செய்யக்கூடிய காரியம்தான். அதனால் மறுக்கவும் முடியவில்லை. ஏன் வழுக்குகிறது என்று காரணம் சொன்னால் நம்புவாள். காரணம் அவருக்குத் தெரியவில்லை. டிப்போவில் மின்சாரப் பிரிவில் இருந்த எலெக்ட்ரீஷியனுக்கு ஃபோன் போட்டார். இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்து ஒரே வருஷம் வெளியே வந்தவர்கள். நடந்ததைச் சொன்னார். அந்தப் பித்தளை வளையத்தைப் பற்றியும், ஆறு உருளைகளைப் பற்றியும், தான் நிரப்பியதைப் பற்றியும் சொன்னார். எலெக்ட்ரீஷியன் திருப்பிக் கேட்டார்.

"யோவ், ஸ்டார்ட்டர் மோட்டார் மேசைகிட்ட நீ வந்தாலே ஏன் விரட்டுவேன், ஞாபகம் இருக்கா?"

"நீ எல்லாரையும்தான் விரட்டுவே."

"உன்னை மட்டும் ஸ்பேனர் எடுத்து விரட்டுவேன். அதுலயும் இதே உருளைதான்யா. ஒரு பக்கம் சுத்தினா விடும், மறுபக்கம் சுத்தினா போய்ச் சிக்கிக்கிட்டு நிக்கும். சிக்கறதுதான் அதோட வேலை. அதுக்குள்ள போய்க் கிரீஸை அடைச்சா எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும், உன் மீசையையா?"

கிரீஸ் அண்ணன் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுக் கதவில் வைத்தார். உன் தங்கச்சிகிட்ட சொல்லு என்றார். எலெக்ட்ரீஷியன் மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்து, இன்னும் விரிவாக, முன்பு கிரீஸ் அண்ணன் ஒரு ஸ்டார்ட்டருக்கு யாருக்கும் தெரியாமல் கிரீஸ் வைத்ததையும், முதல் டிரிப் பஸ்ஸைப் பதினான்கு பேர் சேர்ந்து தள்ளியதையும் சேர்த்தே சொன்னார். அந்தக் கதையைக் கிரீஸ் அண்ணன் வீட்டில் சொன்னதே இல்லை. கதவு திறந்தது. தபாலக்கா சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்பை எங்கேயோ அடக்கி வைத்திருக்கும் முகம்.

"அப்ப என் கை தட்டலையா?"

"உன் கை நல்லாத்தான் இருந்துச்சு. தப்பு என் கை."

தபாலக்கா சாப்பாட்டு மேசைக்குப் போய் உட்கார்ந்தார். ஐஸ் தட்டைக் கொண்டு வரச் சொன்னார். கிரீஸ் அண்ணன் திருப்புளியோடு நாற்காலியை இழுத்தார்.

"நீங்க தொடக் கூடாது. தள்ளி உட்காருங்க."

திருகாணிகளைத் திருப்ப மட்டும் அவரை அனுமதித்தார். பித்தளை வளையம் வெளியே வந்ததும் அதுவும் முடிந்தது. இடது கையால் வளையத்தைப் பிடித்துக்கொண்டு, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை வலது கையில் எடுத்துத் துடைக்க முயன்றார். பஞ்சு விழுந்தது. எடுத்தார். மறுபடி விழுந்தது. மறுபடி எடுத்தார். பிறகு உருளைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாக வேண்டியிருந்தது. இடது கை வளையத்தை விட்டால் எல்லாம் சிதறும். வேறு வழியில்லை, வலது கைதான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிட்ட வந்தன, விலகின, மறுபடி வந்தன. உருளை வழுக்கியது. எல்லாம் உங்க கைங்கர்யம் என்று கணவரைப் பார்த்து ஒரு முறைப்பு. மறுபடி குனிந்தார். ஆறில் முதலாவது உருளை ஐஸ் தட்டின் குழிக்குள் போய் விழுந்தபோது டிங் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

பக்கத்து அலமாரியில் பட்டாணிக் கிண்ணம் இருந்தது. கிரீஸ் அண்ணன் அந்தப் பக்கம் பார்வையைக் கொண்டு போகவே இல்லை. வாயைத் திறந்தால் கெடுத்துவிடுவோம் என்று பயந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடுவில் பயிற்சிப் பெண் வந்தார். காலடிச் சத்தம் கேட்டு எழுந்து போன கிரீஸ் அண்ணன், மணி அடிக்கப் போனவரை வாசலிலேயே நிறுத்தி, உள்ளே கைகாட்டினார். அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு, கதவோரமாக இருபது நிமிடம் நின்று பார்த்தார். பிறகு, இன்னைக்கு எனக்கு இங்கே வேலை இல்லை என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அப்படிப் போனதற்காக அந்தப் பெண்ணுக்கு எத்தனை தடவை நன்றி சொன்னாலும் போதாது என்கிறார் கிரீஸ் அண்ணன்.

ஆறு உருளைகள், ஆறு சின்ன வில்கள். வெளியே எடுக்க ஒரு மணி நேரம். துடைத்து உள்ளே வைக்க ஒன்றரை மணி நேரம். வியர்வை தபாலக்காவின் மூக்கு நுனியில் நின்றது. கடைசியில் தையல் மிஷின் எண்ணெயை ஊசி முனையில் தொட்டு, ஒரே ஒரு துளி. இன்னொரு துளி என்றார் கிரீஸ் அண்ணன், பழக்கதோஷம். தபாலக்கா பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார்.

மாலையில் மறுபடி பால்கனி. பாட்டில் கிளம்பியது. இரண்டாவது மாடி அருகே தபாலக்கா கையை முழுக்கவே எடுத்துவிட்டார். கைப்பிடி அசையவில்லை. பாட்டில் நடுவானில் ஆடிக்கொண்டு நின்றது. கையை உதறிக்கொண்டு, மூச்சு வாங்கி, மறுபடி உள்ளங்கையை வைத்தார். பாட்டில் பால்கனிக் கம்பிக்கு வந்து தட்டியபோது கீழ்வீட்டுக்காரர் கைதட்டினார். இன்னொரு தடவை என்றார் தபாலக்கா. கிரீஸ் அண்ணன் அன்று மூன்று மாடியையும் ஒன்பது முறை ஏறி இறங்கினார்.

சனிக்கிழமை சாயங்காலம் விசில்காரர் புதுத் துணிப்பை ஒன்றோடு வந்தார். பை பெரிதாக இருந்தது. தபாலக்கா அவரை உட்காரவைத்து டீ கொடுத்தார். பிறகு, வரச் சொன்னது உண்மைதான், ஆனால் ரீல் இப்போது கொடுக்கிற நிலைமையில் இல்லை என்றார். ரிப்பேரா என்று விசில்காரர் கவலையோடு கேட்டார்.

"இல்ல. நல்லாயிருச்சு."

விசில்காரர் பையைப் பார்த்தார். கறுப்பு உருண்டையைப் பார்த்தார். அந்தக் கையைப் பார்த்தார். புரிந்துகொண்டு, பையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் திணிக்கப் பார்த்தார். அது போகவில்லை. வந்தது வந்தீர்கள், கோலையும் பெட்டியையும் நாளைக் காலையில் சுவர் வரைக்கும் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார் தபாலக்கா. ஓசியில் ரீல் கிடைக்கும் என்று வந்தவனைக் கூலியாள் ஆக்கிவிட்டீர்களே அக்கா என்று சொல்லிக்கொண்டே தூக்கிக்கொண்டு போனார். சொன்னபடி விடிந்ததும் அவற்றோடு சுவருக்கு வந்தும் நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அலைத்தடுப்புச் சுவர். தபாலக்காவின் இடத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பதினொரு மாதமும் அந்த ஒன்றரை மீட்டர் காலியாகவே இருந்ததாம். அதை அவர்கள் ஒரு பெரிய விஷயமாகச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கோலை இடது கையால் வீசினார். முதல் வீச்சு பின்னால் இருந்த கல்லில் போய் விழுந்தது. இரண்டாவது வீச்சு நாலு பேருடைய நரம்பின் மேல் குறுக்கே விழுந்தது. வேறு யாராவது செய்திருந்தால் சுவரே திரண்டு திட்டியிருக்கும். அன்று நாலு பேரும் எழுந்து வந்து, சிக்கை எடுத்துவிட்டு, பேசாமல் போய் உட்கார்ந்தார்கள். மூன்றாவது தண்ணீரில் விழுந்தது. பழைய தூரத்தில் பாதிதான். விழுந்தது போதும் என்றார் தபாலக்கா.

நாற்பது நிமிடம் ஒன்றும் இல்லை. அன்று கிரீஸ் அண்ணன் தூங்கவில்லை. கோலின் நுனி இரண்டு முறை தலையாட்டியது. விசில் கேட்டது.

தபாலக்கா எழுந்து நின்று, அடிக்கட்டையை இடுப்பில் ஊன்றி, உள்ளங்கையை உருண்டையில் வைத்தார். மூன்று சுற்று. கையை எடுத்தார். மீன் பக்கவாட்டில் ஓடியது, கோல் வளைந்தது, நரம்பு விறைத்துப் பாடியது. கிரீஸ் அண்ணனின் கை தானாக நீண்டது.

"கையை எடுங்க. அது நிக்குது பாருங்க."

நின்றது. மீன் இழுத்த இழுப்புக்குக் கைப்பிடி ஒரு நூல்கூடப் பின்னால் போகவில்லை. வலது கை பக்கத்தில் தொங்கி, விரலை விரித்து மூடி, தன் சௌகரியத்துக்கு இளைப்பாறிவிட்டுத் திரும்பி வந்தது. மூன்று சுற்று, ஓய்வு. இரண்டு சுற்று, ஓய்வு. சுவரில் இருந்த அத்தனை பேரும் தங்கள் தூண்டிலை விட்டுவிட்டு இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் நான் பிடிக்கட்டுமா என்று கேட்கவில்லை. மீன் மேலே வந்தபோது, ஒரு சாண் நீளம் இருந்தது. வெள்ளியாக மின்னியது. பத்து நிமிடச் சண்டைக்குக் கொஞ்சம் சின்ன மீன்தான். விசில்காரர் அதற்கும் மூன்று விசில் அடித்தார்.

கிரீஸ் அண்ணன் அதைக் கொக்கியில் இருந்து எடுத்து வாளியில் விட்டார். திரும்பி வந்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, கடலைப் பார்த்துக்கொண்டு, ரொம்ப தேங்க்ஸ் என்றார்.

"எதுக்கு?"

"கதவைத் திறந்ததுக்கு."

 தபாலக்கா கோலை இடது கையிலேயே வைத்துக்கொண்டு, வலது கையைத் தூக்கி அவர் மடியில் போட்டார். விரல்கள் களைத்துப்போயிருந்தன. அவர் ஒவ்வொரு விரலாக நீவிவிட ஆரம்பித்தார்.

"பத்து நிமிஷம் நீவுங்க, போதும்" என்றார் தபாலக்கா. "அப்புறம் கை எனக்கு வேணும்."